வெற்றுக் கட்டங்களின் வரலாறு

1809ஆம் ஆண்டு, குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து ஓய்வுபெற்ற தாமஸ் ஜெஃபர்சனின் உடைமைகள் வாஷிங்டனிலிருந்து அவருடைய மான்டிசெல்லோ இல்லத்துக்குச் சென்றுகொண்டிருந்தன. வழியில், ஜேம்ஸ் ஆற்றில், கனமான பெட்டியொன்று திருடுபோயிற்று. உடைத்துப் பார்த்த திருடனுக்குக் கிடைத்தவை வெறும் காகிதங்கள். ஏமாற்றத்தில் அவற்றை ஆற்றிலேயே வீசிவிட்டான். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஜெஃபர்சன் திரட்டிவந்த, ஐம்பது அளவிலான அமெரிக்கப் பழங்குடி மொழிகளின் சொற்பட்டியல்கள் அவை. சேறு படிந்து கரையொதுங்கிய சில தாள்களே மிஞ்சின.

இந்நிகழ்வைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இழப்பைப் பற்றியே பேசுவர். அந்தத் தாள்களின் வடிவமும் கவனத்துக்குரியது. சுமார் 280 ஆங்கிலச் சொற்களை அச்சிட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் வெற்றிடம் விட்ட படிவம் ஒன்றை ஜெஃபர்சன் உருவாக்கியிருந்தார். பயணிகளுக்கும் அதிகாரிகளுக்கும் அது வழங்கப்பட்டது. லூயிஸ், கிளார்க் இருவரும் 1804இல் மேற்கே புறப்பட்டபோதும் இத்தகைய பட்டியல்களுடனேயே சென்றார்கள். எந்த மக்களிடம் போனாலும் கேள்வி ஒன்றே. மாறுவது வலப்பக்கத்து விடை மட்டும்.

இன்று விக்கிப்பீடியாவில் ஒரு பழங்குடி மக்களைப் பற்றிய கட்டுரையைத் திறந்தால், மேல் ஓரத்தில் ஒரு பெட்டி தென்படும். மொத்த மக்கள்தொகை, வாழும் பகுதிகள், மொழிகள், சமயங்கள், தொடர்புடைய இனக்குழுக்கள். தமிழ் விக்கிப்பீடியர்கள் இதற்குத் ‘தகவற்சட்டம்’ என்றும், இதனை ஆக்கித் தரும் பொது அச்சுக்கு ‘வார்ப்புரு’ என்றும் பெயரிட்டிருக்கிறார்கள். (வார்ப்புரு என்பது மூலச்சொல்லைவிடத் துல்லியமான சொல் என்பது என் எண்ணம். உருக்கி ஊற்றுவதும், ஊற்றியது அச்சின் வடிவம் கொள்வதும் அதில் ஒருசேரத் தொனிக்கின்றன.) இந்தப் பெட்டிக்கும் ஜேம்ஸ் ஆற்றில் மிதந்த தாள்களுக்கும் நேரான வமிசாவளி உண்டு.

அவ்வமிசாவளியின் நடுநாயகம் ஜான் வெஸ்லி பவல். 1879இல் தொடங்கப்பட்ட அமெரிக்க இனவியல் பணியகத்தின் முதல் இயக்குநர். அவர் 1877இல் வெளியிட்டு 1880இல் விரித்தெழுதிய மொழி ஆய்வு வழிகாட்டியின் பெரும்பகுதி வெற்றுப் படிவங்களே. உடல் உறுப்புகள், உடைகள், உறவுமுறைகள் என்று தலைப்புவாரியாகக் கட்டங்கள். சமயப் பணியாளர்களும் படை அதிகாரிகளும் அரசு முகவர்களும் அவற்றை நிரப்பி அனுப்பினார்கள். ஊதியமில்லாத தன்னார்வலர்கள் பலர் சேர்ந்து, பொதுவான படிவம் ஒன்றைக் கொண்டு, ஒரு கண்டத்து மக்களைப் பற்றிய அறிவைத் தொகுப்பது என்னும் ஏற்பாடு நம் காலத்துக் கண்டுபிடிப்பன்று. நிரப்பப்பட்ட படிவங்களையும் முன்னோர் நூல்களையும் கொண்டு 1891இல் பவல், மெக்சிகோவுக்கு வடக்கே வழங்கிய மொழிகளை 58 குடும்பங்களாகப் பகுத்து வண்ண வரைபடம் ஒன்றும் வெளியிட்டார். குடும்பப் பெயர்களுக்கும் விதி வகுத்தார். கிடைத்தவற்றுள் பழைய அச்சுப் பெயரை எடுத்து, அதன் ஈற்றில் ஒரே விகுதியைச் சேர்ப்பது. தாவரவியலார் செடிகளுக்குப் பெயரிடும் முறை இது.

இவ்வாறு பெயர் பெற்றவற்றுள் ஒன்று ‘கோஸ்டனோவன்’. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சூழ வாழ்ந்த மக்களை ஸ்பானியர் கரையோரத்தார் என்று அழைத்ததன் எச்சம் அது. தங்களை ஓலோனி என்று இன்று அழைத்துக்கொள்ளும் அம்மக்களின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

1925இல் ஆல்ஃபிரெட் குரோபர் கலிஃபோர்னியப் பழங்குடிகளைப் பற்றிய தம் பெருங்கையேட்டை வெளியிட்டார். வெளியிட்டதும் பவலின் பணியகமே. ஆயிரம் பக்கங்களை எட்டும், உழைப்பும் பரிவும் நிறைந்த நூல். அதில் இம்மக்கள் நடைமுறையில் அற்றுப்போனவர்கள் என்ற பொருளில் ஒரு வாக்கியம் இடம்பெற்றது. கலப்பில்லாத பண்பாடு எவரிடம் எஞ்சியிருக்கிறது என்பதே குரோபர் மனத்திலிருந்த கட்டம். அதற்கு விடை இல்லை என்றானபோது மக்களே இல்லை என்று பதிவாயிற்று. அதே காலத்தில் வெரோனா குழு என்ற பெயரில் அம்மக்களின் குடும்பங்கள் விரிகுடாவின் கிழக்கே வாழ்ந்துகொண்டிருந்தன. 1927இல் கூட்டரசு அவர்களைக் கவனிக்க வேண்டிய குழுக்களின் வரிசையிலிருந்து விட்டுவிட்டது. அவர்களின் வழித்தோன்றல்களான முவெக்மா ஓலோனி மக்கள் மீண்டும் அங்கீகாரம் கோரி விண்ணப்பித்தார்கள். 1978இல் வகுக்கப்பட்ட அங்கீகார விதிகளுள் ஒன்று, விண்ணப்பிக்கும் குழு பழங்குடிக் குழுவாகத் தொடர்ச்சியாக அடையாளம் காணப்பட்டு வந்திருக்க வேண்டும் என்பது. அதாவது, பிறர் எழுதிய ஏடுகளே சாட்சி. 2002இல் அவர்களின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஒற்றை வாக்கியத்தின் விளைவே இது என்று சொல்வது மிகையாகும். ஆனால் ‘அற்றுப்போனவர்கள்’ என்று ஒரு கையேடு எழுதியபின், அவர்களைத் தேடி அடுத்தடுத்து எழுதுவோர் எத்தனை பேர் வருவார்கள்? குரோபர் 1950களில் இழப்பீட்டு வழக்குகளில் கலிஃபோர்னியப் பழங்குடியினர் தரப்பில் சாட்சி சொன்னார் என்பதையும் நியாயத்தின்பொருட்டுச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பணியகம் செய்த இன்னொரு பெரும்பணி பெயரகராதி. 1873இல் ஓடிஸ் மேசன் என்னும் அருங்காட்சியக அறிஞர் பழங்குடிப் பெயர்களைத் தொகுக்கத் தொடங்கினார். பல கைகள் மாறி, அது 1907, 1910 ஆகிய ஆண்டுகளில் ஃபிரெடெரிக் ஹாட்ஜின் பதிப்பில் இரு பாகங்களாக வெளிவந்தது. இரண்டாம் பாகத்தின் இறுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களுக்கு மாற்றுப்பெயர் வரிசை நீள்கிறது. பிரெஞ்சு வணிகர் செவியில் விழுந்தது, பகையினத்தார் சூட்டியது, எழுத்துப்பிழையில் பிறந்தது என எல்லாம் அங்கே அடங்கி, ஒவ்வொன்றும் ஏற்கப்பட்ட பெயருக்கு வழிகாட்டும். விக்கிப்பீடியர்கள் ‘வழிமாற்று’ என்பது இதைத்தான். எது ஏற்கப்பட்ட பெயர், எது வழிமாற்று என்பதைப் பதிப்பாளர் முடிவுசெய்தார். அரிசோனாவின் ‘பாப்பகோ’ மக்கள், அண்டையினர் அவரை உண்போர் என்ற பொருளில் வைத்த அப்பெயரை 1986இல் அதிகாரபூர்வமாகத் துறந்து, பாலைநில மக்கள் எனப் பொருள்படும் டோஹோனோ ஓஓதம் என்ற தம் பெயரை நிலைநாட்டினார்கள். தலைப்பும் வழிமாற்றும் இடம் மாறிக்கொண்டன.

மேசனின் கைவண்ணம் இன்னோர் இடத்திலும் உண்டு. அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைகளில் பொருள்களை எவ்வாறு அடுக்குவது என்ற சிக்கலிலிருந்துதான் சமவெளி, பெருவடிநிலம், வடமேற்குக் கரை என்ற பண்பாட்டு வட்டாரப் பகுப்பு 1890களில் அவர் கையில் உருப்பெற்றது. கிளார்க் விஸ்லர் 1917இல் அதைச் செப்பனிட்டார். ஸ்மித்சோனியன் நிறுவனம் 1978 முதல் வெளியிட்ட பெருங்கையேட்டுத் தொகுதிகளிற் பலவும் அந்த வரிசையையே ஏற்றன. கட்டுரைகளின் அடியில் தொங்கும் வழிசெலுத்துப் பெட்டிகளிலும் அதே பேழைகளைக் காணலாம்.

விக்கிப்பீடியா 2001இல் பிறந்தது. வார்ப்புருக்கள் இன்றுள்ள பொதுவடிவில் 2004 வாக்கில் நிலைபெற்றன. அச்சிட்ட படிவத்துக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. பவலின் படிவத்தைத் திருத்தினால் இனி அச்சாகும் தாள்களே மாறும். வார்ப்புருவில் ஒரு சொல்லை மாற்றினால், அதை அழைக்கும் ஆயிரக்கணக்கான கட்டுரைகளும் சிறிது நேரத்தில் மாறிவிடும். ஒரு கட்டத்தின் பெயரைத் திருத்தி, பழைய பெயரையும் ஏற்குமாறு செய்ய மறந்தால், நிரப்பியிருந்த விவரங்கள் கட்டுரைகளிலிருந்து ஓசையின்றி மறையும். ஆகவேதான் பராமரிப்போர் முதலில் மணல்தொட்டியில் சோதிக்கிறார்கள். உரையாடல் பக்கத்தில் நாள்கணக்கில் வாதிடுகிறார்கள். கட்டுரை எழுதியவருக்குக் கிடைக்கும் சிறு பாராட்டும் இவர்களுக்குக் கிடைப்பதில்லை.

அவ்வாதங்கள் அற்பமானவை என்று தோன்றலாம். மக்கள்தொகைக் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தம்மைச் செரோக்கி என்று குறித்தோர் சுமார் 7,30,000 பேர். அங்கீகாரம் பெற்ற மூன்று செரோக்கி அரசுகளின் உறுப்பினர் பதிவேடுகளில் அப்போதிருந்தவர்கள் அதில் பாதிக்கும் குறைவு. எந்த எண்ணை எழுதினாலும், யார் செரோக்கி என்ற கேள்விக்குத் தீர்ப்பும் உடன் எழுதப்படுகிறது. பிளாக்ஃபுட் மக்களின் மூன்று அரசுகள் கனடாவின் ஆல்பர்ட்டாவிலும் ஒன்று அமெரிக்காவின் மொன்டானாவிலும் உள்ளன. நாடுவாரியான வழிசெலுத்துப் பெட்டி அவர்களை நடுவே அறுக்கிறது. புகழ்பெற்ற முகங்களைக் கோத்த படத்தொகுப்பைப் பெட்டியின் உச்சியில் வைக்கும் வழக்கமும் இருந்தது. யாரைச் சேர்ப்பது என்ற ஓயாத பூசலுக்குப் பின், 2016இல் ஆங்கில விக்கிப்பீடியர்கள் அதைக் கைவிட்டார்கள். சிக்கலுள்ள ஒரு கட்டத்தை நிரப்பாமல் நீக்குவதும் பராமரிப்பே என்பதற்கு அது நல்ல சான்று.

தமிழுக்கு வார்ப்புருவைக் கொணரும்போது இந்த வரலாறு முழுவதும் சேர்ந்தே வருகிறது. சமயம் என்றொரு கட்டம் இருந்தால், வேட்டையினின்றும் வேளாண்மையினின்றும் பிரித்தெடுக்க முடியாத சடங்குகளுக்கும் ஏதேனும் ஒரு பெயரை அதில் இட்டாக வேண்டும். ‘செவ்விந்தியர்’ என்று நாம் கூசாமல் எழுதிவந்த சொல், கொலம்பஸின் பிழையும் தோல்நிறமும் சேர்ந்த கூட்டுச்சொல். கட்டுரை உரையில் அதை ஒருவர் திருத்தலாம். வழிசெலுத்துப் பெட்டியின் தலைப்பில் அது நின்றுவிட்டால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மீண்டும் எழும்.

இத்தனைக்கும் பின்னரும் கட்டங்களை முற்றாக வெறுக்க என்னால் இயலவில்லை. ஜெஃபர்சன் 1791இல் லாங் ஐலண்டில் உன்கெசாக் மூதாட்டிகளிடம் தாமே கேட்டெழுதிய சொற்பட்டியல் ஆற்றுக்குத் தப்பிப் பிழைத்தது. பேசுவோர் எவரும் எஞ்சாத அம்மொழியை மீட்க, உன்கெசாக், ஷின்னகாக் மக்கள் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்துடன் இணைந்து 2010 வாக்கில் முயன்றபோது, கையிலிருந்த முதன்மையான ஆவணங்களுள் ஒன்று அதுதான். பெயர்ச்சொற்கள் கிடைத்தன. வாக்கியம் அமைக்கும் முறையை மட்டும் உறவுமொழிகளிலிருந்து பெற வேண்டியிருந்தது. அந்தப் பட்டியல் வாக்கியங்களைக் கேட்டிருக்கவில்லை.