வில்லன் என்கிற பண்ணையாள்

நம்ம சினிமாவுல வில்லன் என்றால் கெட்டவன். கதாநாயகனிடம் அடி வாங்குவதற்கென்றே பிறந்தவன். சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அது முதலில் யாரைக் குறித்தது என்பதை நாம் பேசியதில்லை.

லத்தீனில் 'வில்லா' என்றால் பண்ணை. பண்ணையில் பாடுபட்டவன் 'வில்லானுஸ்'. பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து வந்து 'வில்லெயின்' ஆனான். 1086இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே கணக்கில் இவர்கள் சுமார் 1,08,000 பேர். பதிவானவர்களில் பெரிய கூட்டம் இதுதான். பிற்பாடு சட்டம் இவர்களை ஆண்டையோடு கட்டிப்போட்டது. வாரத்தில் சில நாள் ஆண்டை நிலத்தில் கூலியில்லாமல் உழைக்கணும். மகளைக் கட்டிக்கொடுக்க ஆண்டைக்குப் பணம் கட்டணும். செத்தால் வீட்டிலிருக்கும் நல்ல மாடு ஆண்டைக்கு.

1381 ஜூனில் குடியானவர்கள் திரண்டு லண்டனுக்குள் நுழைந்தார்கள். 14ஆம் தேதி மைல் எண்டில், பண்ணையடிமை முறையை ஒழிப்பதாக மன்னன் இரண்டாம் ரிச்சர்டு எழுதிக்கொடுத்தான். மறுநாள் தலைவர் வாட் டைலர் கொல்லப்பட்டார். ஜூலை 2இல் எழுதிக்கொடுத்தது ரத்தானது.

இதே காலத்தவர் சாசர். அவருடைய 'கேன்டர்பரி கதைக'ளில் 'வில்லனி' என்பது இழிந்த பேச்சுக்கும் நடத்தைக்கும் பெயராகிவிட்டது. மேன்மை பிறப்பில் இல்லை, செயலில்தான் என்று அங்கேயே ஒரு கிழவி வாதாடுகிறாள். ஆனாலும் சொல் மாறவில்லை. ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்'டில் அண்ணன் தம்பியை வில்லன் என்று திட்டுகிறான். நான் இன்ன பிரபுவின் மகன், எப்படி வில்லனாவேன் என்கிறான் தம்பி. கெட்டவன், கீழ்ப்பிறப்பாளன் என்ற இரண்டு அர்த்தமும் அதில் மோதுகின்றன. பிறகு எழுத்தையே பிரித்துவிட்டார்கள். 'வில்லெயின்' சரித்திரப் புத்தகத்துக்குள் போய்விட்டது. 'வில்லன்' மேடையேறிவிட்டது.

பிரபு குலத்தைக் குறித்த 'நோபிள்' உயர்ந்த குணமாச்சு. வயலில் நின்றவன் பெயர் அயோக்கியத்தனமாச்சு. உழைத்தவன் கையில் கலப்பை இருந்தது, எழுதுகோல் இல்லை.

நமக்கு இது புதுசா? புறநானூறு எறிகோல் பிடித்தவனையும் கட்டில் பின்னுபவனையும் 'இழிசினன்' என்கிறது. பறையர் என்ற பெயர் 'பரையா' என்று ஆங்கில அகராதிக்குள் போய், ஒதுக்கப்பட்ட எவனுக்கும் பெயராகிவிட்டது. தமிழில் வசையாக வழங்கும் சொற்களை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் எந்தத் தொழில், எந்தத் தெரு இருக்கிறது என்று கேளுங்கள். அகராதியையும் நாம் வரலாறாகத்தான் படிக்கணும்.