நிறைகோலும் நீர்வழியும்

திண்டிவனத்திலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் செல்வோர் மரக்காணத்தை அடைகின்றனர். உப்பளங்களின் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும் அவ்வூரில்தான் பக்கிங்காம் கால்வாயின் தென்முனை அமைந்துள்ளது. ஒரு காலத்தில் இக்கரையின் உப்பும், சவுக்கு விறகும், கிளிஞ்சலும் படகேறிச் சென்னை சென்றன. காற்று வாய்த்தால் பாய் விரித்தும், வாய்க்காதபோது கழி ஊன்றியும், கரையில் நடந்து கயிற்றால் இழுத்தும் படகோட்டிகள் அவற்றைக் கொண்டு சேர்த்தனர்.

வண்டிச் சுமையை இறக்கி நிறுத்துவிடலாம். பல டன் சரக்குடன் மிதக்கும் படகை நிறுப்பது எங்ஙனம்? 1825இல் திறக்கப்பட்ட அமெரிக்காவின் ஈரி கால்வாயில் இதற்கெனவே எடை மதகுகளைக் கட்டினர். படகு ஒரு பெருந்தொட்டிக்குள் நுழையும். இருபுறக் கதவுகளும் அடைக்கப்பட்டு நீர் வடிக்கப்படும். நீர் வடிய வடியப் படகு ஒரு மரத்தொட்டிலின்மீது மெல்ல அமரும். தொட்டிலோடு இணைந்த தராசு முழுப் பாரத்தையும் காட்டும். வெறும் படகின் எடையை அதிலிருந்து கழித்து, எஞ்சிய சரக்குக்கேற்பச் சுங்கம் வாங்கினர். சிராக்கியூஸ் நகரில் 1850இல் எழுந்த எடை மதகுக் கட்டடம் இன்றும் நிற்கிறது. 1883இல் சுங்கம் நீக்கப்பட்டதும் தராசுக்கு வேலையற்றுப் போயிற்று. நகருக்குள் ஓடிய கால்வாயும் பின்னர்த் தூர்க்கப்பட்டுச் சாலையாயிற்று, கட்டடமோ அருங்காட்சியகமாகிவிட்டது.

நம் கால்வாயில் மதகுகளின் தலையாய பணி வேறு. ஆறுகள் குறுக்கிடும் இடங்களில் வெள்ளத்தையும் கடலின் ஏற்றவற்றத்தையும் தடுத்து, படகு மிதக்கப் போதிய நீரைக் காப்பதே அது. ஆயினும் இக்கால்வாயின் வரலாற்றிலும் ஒரு நிறைகோல் உண்டு. அதில் நிறுக்கப்பட்டது படகன்று, உழைப்பாளியின் உணவு.

பேசில் காக்ரேன் என்னும் வணிகரின் முதலீட்டில் 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே இக்கால்வாய் தொடங்கிற்று. 1837இல் அரசு அதனை ஏற்றது. காலப்போக்கில் அது வடக்கே பெத்தகஞ்சாம் வரையிலும், தெற்கே மரக்காணம் வரையிலும் நீண்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்ப் பகுதி, 1877–78இல் பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய்க்கு நிலைத்தது. வெட்டியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

அப்பஞ்சம் இந்தியாவெங்கும் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 1877இன் தொடக்கத்தில், ரிச்சர்டு டெம்பிள் என்னும் உயர் அதிகாரி நிவாரணப் பணியாளருக்கு ஒரு கூலி வகுத்தார். நாள் முழுதும் வெயிலில் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும், சிறிது காசும். பெண்ணுக்கும் சிறுவனுக்கும் அதனினும் குறைவு. ஒரு பவுண்டென்பது சுமார் 450 கிராம். கூட்டிக் கொடுத்தால் ஏழைகள் அரசையே சார்ந்து சோம்பிப் போவர் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்!

அந்நியாயத்தை எதிர்த்தவரும் ஓர் அரசு அதிகாரியே. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர், மருத்துவர் வில்லியம் கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என வாதிட்டார். அவர் கணக்கைக் கருவூலத்திலிருந்து தொடங்கவில்லை. மெலிந்த உடல்களிலிருந்து தொடங்கினார். 1877 மார்ச்சில் அரசு பாதி வழி இறங்கி வந்தது: தானியம் ஒன்றேகால் பவுண்டாயிற்று, ஒன்றரை அவுன்சு பருப்பும் சேர்ந்தது. ஒருவர் விடாது வாதிட்டதால் ஒரு கைப்பிடி தானியம் கூடியது. பசித்தவனுக்கு அது சிறிதன்று.

இரயிலும் சாலையும் வந்தபின் படகுகள் குறைந்தன. 1965, 1966, 1976 ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. ஆயினும் 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, கரைக்கு இணையாகக் கிடந்த இக்கால்வாய் பல இடங்களில் கடல்நீரை ஏந்திக்கொண்டு, அப்பாலிருந்தோரைக் காத்ததாக ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர்.

அளந்தளந்து ஊட்டப்பட்டோர் வெட்டிய பள்ளம் அது. அவர்கள் பெற்ற கூலியை எழுதிவைத்த ஏடுகள் உண்டு. தந்ததை நிறுக்க எந்த மதகிலும் தராசில்லை. இன்றும் கூலி வகுக்க அமர்வோர், நிறைகோலின் எந்தத் தட்டை முதலில் பார்க்கின்றனர்?