ஹெரால்டின் பின்பாதி

ஸ்கூடாயில் என் மாமாவின் பட்டறைக்குப் பின்னால் ஒரு டிரையம்ப் ஹெரால்டு நிற்கிறது. இரண்டு கதவு சலூன், 1147 சிசி எஞ்சின். அவர் வாங்கி நான்கு வருடமாகிறது, இன்னும் ரோட்டில் இறங்கவில்லை. போன தீபாவளிக்குப் போயிருந்தபோது, "தம்பி, இத வேகன் ஆக்கிடலாம்னு பாக்குறேன். கூரை போல்ட்டுலதானே நிக்குது. கழட்டிட்டு வேற கூரைய மாட்டுனா முடிஞ்சிச்சு லா" என்றார். குடும்பத்தில் ஒருவன் எஞ்சினியர் என்றால் தண்ணீர்ப் பம்பிலிருந்து காடி வரை எல்லாவற்றுக்கும் அவன் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். "பார்த்துச் சொல்றேன் மாமா" என்று சொல்லிவிட்டு வந்தேன். பார்க்கப் போனதில், காடியைவிட அதன் வரலாறு என்னைப் பிடித்துக்கொண்டது.

நாம் வேகன் என்பதை இங்கிலாந்துக்காரர்கள் எஸ்டேட் கார் என்பார்கள். அமெரிக்காவில் ரயில் ஸ்டேஷனிலிருந்து ஆளையும் பெட்டியையும் ஏற்றி வந்ததால் அது ஸ்டேஷன் வேகன் ஆனது. இங்கிலாந்தில் பண்ணை வீட்டுப் பிரபுக்கள் வேட்டைக்குத் துப்பாக்கியும் நாயும் ஏற்றிப் போனார்கள், அவர்களுடைய நிலத்தின் பெயரே வண்டிக்கும் வந்தது. நமக்கு எஸ்டேட் என்றால் ரப்பர் மரம், பெரட்டு, லயம். அந்தச் சொல்லை ஒரு காடியின் மேல் ஒட்டிப் பார்க்க எனக்கு இன்னமும் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

தொடக்கத்தில் இந்த வண்டிகளைச் செய்தவர்கள் தச்சர்கள்தாம். கம்பெனி சேசிஸும் எஞ்சினும் கொடுக்கும், பின்பக்கப் பெட்டியைத் தச்சர் மரத்தில் கட்டுவார். 1953இல் வந்த மோரிஸ் மைனர் டிராவலர் வரை அந்தப் பழக்கத்தின் மிச்சம் இருந்தது. அதன் பின்பக்கத்தில் தெரியும் ஆஷ் மரச்சட்டம் அலங்காரம் இல்லை, அதுதான் பின்பாதியைத் தாங்குகிறது. மரம் உளுத்துப்போனால் காடியின் எலும்பு உளுத்தது என்று அர்த்தம். ஜோகூர் ஈரக்காற்றில் அதை வைத்துக் காப்பாற்றுகிறவர்களுக்குத் தனி மரியாதை தர வேண்டும்.

ஆனால் பெரும்பாலான சலூன்களை இப்படி மாற்ற முடியாது. 1950களுக்குப் பிறகு வந்த கார்களில் அநேகமாக எல்லாவற்றுக்கும் உடல்தான் சேசிஸ். கூரை, தூண்கள், பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புத் தகடு எல்லாம் சேர்ந்துதான் வண்டி முறுக்கிக்கொள்ளாமல் தடுக்கின்றன. ஒரு சப்பாத்துப் பெட்டியை மூடியோடு முறுக்கிப் பாருங்கள், பிறகு மூடியை எடுத்துவிட்டு முறுக்கிப் பாருங்கள். வேகனாக்க வேண்டுமென்றால் அந்தத் தடுப்பை எடுத்தாக வேண்டும், பின்பக்கம் முழுக்க ஒரு பெரிய ஓட்டை வேண்டும். அந்த ஓட்டையைச் சுற்றி இழந்த பலத்தை வேறு வழியில் திருப்பிக் கொடுக்காவிட்டால் முதல் பள்ளத்திலேயே கதவு இறுகிக்கொள்ளும்.

ஹெரால்டு இதிலிருந்து தப்பியதற்குக் காரணம் ஒரு வியாபாரத் தகராறு. ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு உடல் தகடு அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953இல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. புதிய சின்னக் காருக்கு முழு உடலை ஒரே இடத்தில் அடித்துக் கொடுக்க ஆள் இல்லை. எனவே ஹாரி வெப்ஸ்டரின் குழு பழைய முறைக்கே திரும்பியது. கீழே தனிச் சேசிஸ். மேலே துண்டு துண்டாக வெவ்வேறு சின்ன ஆலைகளில் செய்த உடல், எல்லாம் போல்ட்டில் சேரும். வடிவம் தந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. 1959இல் காடி வந்தபோது பார்க்கப் புதுமையாக இருந்தது, உள்ளே இருந்ததோ அன்றைக்கே பழசாகிப்போன கட்டுமானம். அந்தப் பழசினால்தான் கூரையைக் கழற்றி 1960இல் திறந்த காடி விட்டார்கள், 1961இல் எஸ்டேட் விட்டார்கள். இருந்த நெருக்கடிக்குக் கண்டுபிடித்த வழி இது, பிறகுதான் விளம்பரத்தில் பெருமையாக மாறியது.

துண்டுகளாக வரும் காடிக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. பெட்டியில் அடுக்கிக் கப்பலேற்றலாம், எங்கே வேண்டுமானாலும் பூட்டலாம். அப்படித்தான் அது மெட்ராஸுக்குப் போனது.

1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புரொடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வண்டலூரில் ஆலை வைத்திருந்தது. 1961 முதல் அங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பூட்டப்பட்டது. வருடம் ஏற ஏற உள்ளூர்ப் பாகங்கள் கூடின. இங்கிலாந்தில் எஞ்சின் 1147 சிசி, பிறகு 1296 சிசி என்று வளர்ந்தபோதும் மெட்ராஸில் 948 சிசியே தொடர்ந்தது. சந்தையிலோ அம்பாசடரும் ஃபியட்டும். இரண்டுக்கும் நான்கு கதவு. இரண்டு கதவுக் காடியில் பாட்டியைப் பின்சீட்டுக்கு எப்படி ஏற்றுவது? 1968இல் வண்டலூர் நான்கு கதவு ஹெரால்டை வெளியிட்டது. கூடவே ஐந்து கதவு எஸ்டேட்டும் வந்தது, பெயர் ஸ்டாண்டர்ட் கம்பேனியன். இங்கிலாந்தில் 1950களில் ஸ்டாண்டர்ட் டென் எஸ்டேட்டுக்கு வைத்திருந்த பெயர் அது. ஆனால் நான்கு கதவு, ஐந்து கதவு ஹெரால்டுகளை இங்கிலாந்து ஒருநாளும் விற்கவில்லை.

கூரையைக் கழற்றி மாட்டும் வேலை இல்லை இது. நடுத்தூண் புதிதாக வேண்டும், முன்கதவைக் குறுக்க வேண்டும், பின்கதவின் அடிப்பாகம் சக்கரத்தின் மேல் வளைவைச் சுற்றி வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு. இதற்கடுத்து 1970களில் வந்த ஸ்டாண்டர்ட் கேசலில் பின்னச்சையே மாற்றினார்கள். ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும், செலவும் அதிகம், ரோட்டோர மெக்கானிக்கால் அதை நேராக்கவும் முடியாது. ஆகவே ஒரே இரும்பாக நிற்கும் அச்சைப் போட்டார்கள். இதைப் பின்னடைவு என்று எழுதும் ஐரோப்பிய ஆர்வலர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. செங்கல்பட்டு ரோட்டில் நின்றுபோன காடியை யார் எந்த ஸ்பேனரால் திருத்துவார் என்று யோசித்த எஞ்சினியரை நான் மதிக்கிறேன்.

வருத்தம் ஒன்றுதான். மிக்கெலோட்டிக்குப் புத்தகங்கள் உண்டு, வெப்ஸ்டர் பெயர் எல்லா வரலாற்றிலும் இருக்கிறது. வண்டலூரில் அந்தப் பின்கதவை வரைந்தவர், தகட்டை மடித்துப் பார்த்தவர் யாரென்று சொல்லும் ஒரு பக்கத்தைக்கூட நான் தமிழில் இதுவரை படித்ததில்லை. நாவலில் வரும் காடிகளின் நிறத்தைக்கூட நினைவு வைத்திருக்கும் நாம் இதைக் கேட்டதும் இல்லை. அதே கம்பெனி 1985இல் ரோவர் உடலுக்குள் பழைய இரண்டு லிட்டர் எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்ட் 2000 விட்டது, 1988இல் காடி உற்பத்தி நின்றது. அந்தத் தோல்வி மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

ஜோகூரிலும் இதற்கு ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. 1967இல் மலேசிய அரசு ஆறு பூட்டும் ஆலைகளுக்கு அனுமதி தந்தது. பிறகு ஜோகூர் பாரு தம்போயில் ஜெனரல் மோட்டார்ஸ் நுழைந்தது. 1970களின் தொடக்கத்தில் ஹரிமாவ் என்ற பெயரில் ஓர் எளிய வண்டியை விட்டார்கள். பெயர்தான் புலி. பெரிய பிரஸ் இயந்திரம் எதுவும் தேவைப்படாதபடி தட்டைத் தகடுகளை மடித்தே உடலைச் செய்யலாம், எஞ்சின் வாக்ஸாலின் சின்னக் காருடையது. பெரிய பிரஸ் இல்லையென்றால் என்ன செய்வது என்ற அதே கேள்விக்கு இன்னொரு பதில். ரொம்ப நாள் ஓடவில்லை. தம்போயைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

மாமாவிடம் போன மாதம் போய்ச் சொன்னேன். கூரை மட்டும் போதாது, பின்பாதி முழுக்க எஸ்டேட்டுடையது வேண்டும். சலூனில் பெட்ரோல் டேங்க் பின் போனட்டுக்குள் ஒரு பக்கமாக நிற்கிறது (நமக்கு முன்னாலும் போனட், பின்னாலும் போனட்), அதைத் தரைக்குக் கீழே இறக்க வேண்டும். பின்னால் குறுக்கே படுத்திருக்கும் பட்டைச் சுருளையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நாலு மூட்டை ஏற்றியதும் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். கடைசியில் ஜேபிஜே அனுமதி, புஸ்பாகோம் சோதனை. கம்பேனியன் பின்பாதி கிடைத்தாலும் உதவாது, அது ஐந்து கதவு, முன்பாதியோடு சேராது.

"ஒரிஜினல் கெட்டுடும்னு சொல்ல வரியா?" என்றார். நான் அதைச் சொல்ல வரவில்லை. கூரை மாற்றவே செய்யப்பட்ட காடியிடம் ஒரிஜினல் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

முன்சீட்டைத் தூக்கிவிட்டுத் தரைவிரிப்பை உரித்தோம். இரண்டு பாதிகளும் சேரும் கோடு குறுக்கே ஓடியது, போல்ட் தலைகள் துருப்பிடித்து ஒரே நிறமாக இருந்தன. மாமா மில்லிமீட்டர் ஸ்பேனர் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, பழைய மைலோ டின்னிலிருந்து அரை அங்குல ஸ்பேனரைத் தேடி எடுத்தார். எண்ணெய் விட்டோம். அன்றைக்கு இரண்டு போல்ட் மட்டும் கழன்றது.