வேர்ப்புழுவுக்கு எமனான நூற்புழு



கொடைக்கானல் போனவர்கள் அங்கே கோல்ப் மைதானத்தைப் பார்த்திருப்பீங்க. 1895-லேயே ஏற்பட்ட சங்கம் அது. பந்து விளையாடுகிற புல்தரைக்கும் நம்ம அகரம் பக்கத்துக் கடலைக் காட்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. சம்பந்தம் மண்ணுக்குள்ளே இருக்கிறது. வேரைக் கடிக்கிற வெள்ளை வேர்ப்புழு இரண்டையுமே விடுவதில்லை.

1916-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்திலே, ஜப்பானிலிருந்து வந்த ஒரு வண்டைக் கண்டுபிடித்தார்கள். அதன் புழுக்கள் வேரைத் தின்ன, கோல்ப் புல்தரைகள் திட்டுத் திட்டாகக் காய்ந்தன. ஈய ஆர்சனேட் என்ற விஷத்தை மண்ணிலே போட்டார்கள். ஈயமும் ஆர்சனிக்கும் மக்கிப் போகிற சரக்கா? மண்ணிலேயே தங்கிவிட்டன.

1929-இல் அதே மாநிலத்து டாவிஸ்டாக் கோல்ப் மைதானத்தில், கிளேசர், பாக்ஸ் என்ற விஞ்ஞானிகள் செத்த வேர்ப்புழுக்களைச் சோதித்தார்கள். உள்ளே கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்கள்! வேரில் முடிச்சுப் போடுகிற நூற்புழு வேறு, இது வேறு. இது பயிரைத் தொடாது. வேர்ப்புழுவின் உடம்புக்குள் புகுந்து, தான் சுமந்து வரும் பாக்டீரியாவால் அதைக் கொன்று, அங்கேயே ஆயிரக்கணக்கில் பெருகும். கிளேசர் இதை வளர்த்து வயல்களில் விட்டும் பார்த்தார். ஆனால் யுத்தத்துக்குப் பிறகு டி.டி.டி.யும் குளோர்டேனும் வந்தன. மலிவு மருந்தைக் கண்டதும் நூற்புழுவை மறந்துவிட்டார்கள்.

நம்ம கதை மட்டும் என்ன? வேர்ப்புழு என்றாலே போரேட் குருணை என்று நானும்தான் சிபாரிசு செய்தேன். அந்த மருந்து 2020 முடிவோடு தடையாகிவிட்டது. இதற்குள் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவன விஞ்ஞானிகள் நம்ம மண்ணிலேயே ஒரு நூற்புழுவைக் கண்டார்கள். 1992-இல் அதற்கு இந்தியாவின் பெயரையே வைத்தார்கள்: ஹெட்டரோராப்டைடிஸ் இண்டிகா.

இது உயிருள்ள சரக்கு. வெயிலில் வைத்தால் செத்துப்போகும். சாயங்காலத்தில், ஈர மண்ணிலே விடணும். கோடை மழைக்குப் பின் வேப்பமரத்தில் மொய்க்கிற தாய் வண்டுகளையும் உலுக்கிப் பொறுக்கி அழிக்கணும்.

ஒரு விஷயம் ஞாபகம் வையுங்க. நூற்புழு விட்ட காட்டைக் கிளறும்போது செங்கல் நிறத்தில் செத்த புழு கிடைத்தால் வீசி எறியாதீங்க. அதே இடத்தில் மண்ணைப் போட்டு மூடுங்க. அதற்குள்ளேதான் உங்கள் அடுத்த காவல்படை வளர்கிறது.