மேரி ஜேன் வெலோசோவின் மேல்முறையீடு

2010 ஏப்ரலில் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா விமான நிலையத்தில் மேரி ஜேன் வெலோசோவின் பெட்டிக்குள் 2.6 கிலோ ஹெராயின் பிடிபட்டது. பிலிப்பைன்ஸின் ஏழைக் குடும்பத்துப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய். வீட்டுவேலை வாங்கித் தருவதாக அழைத்துப்போன பெண்தான் தன்னை அனுப்பிவைத்ததாகச் சொன்னார். அக்டோபரில் மரண தண்டனை.

அவருக்குத் தெரிந்த மொழி தகலாக். விசாரணை நடந்தது இந்தோனேசிய மொழியில்; மொழிபெயர்த்தது, அவருக்குச் சரியாகப் புரியாத ஆங்கிலத்தில். மேல்முறையீடு என்றால் பெரும்பாலும் கீழ்நீதிமன்றப் பதிவுகளைத் திரும்பப் படிப்பதுதான். அவர் சொல்ல நினைத்தது அந்தப் பதிவுகளில் ஏறவேயில்லை என்றால், மேலே இருப்பவர்கள் எதைப் படிப்பார்கள்? மொழிபெயர்ப்புக் குறையை முன்வைத்துக் கேட்ட மறுஆய்வும் 2015 மார்ச்சில் தள்ளுபடியானது.

ஏப்ரல் 29 அன்று நுசகம்பங்கான் தீவில் எட்டுப் பேரைச் சுட்டார்கள். அவரை மட்டும் கடைசி நேரத்தில் விட்டுவைத்தார்கள். ஆள்சேர்த்த பெண் முந்தின நாள்தான் பிலிப்பைன்ஸ் போலீசிடம் சரணடைந்திருந்தார். அந்த வழக்குக்கு மேரி ஜேன் சாட்சியாகத் தேவைப்பட்டார். குற்றவாளியாகக் காப்பாற்ற முடியாதவரைச் சாட்சியாகக் காப்பாற்றினார்கள்!

2024 டிசம்பர் 18 அன்று, இரு அரசுகளின் உடன்பாட்டின்படி, மணிலாவில் வந்திறங்கினார். தீர்ப்பை எந்த நீதிமன்றமும் ரத்துசெய்யவில்லை. விமான நிலையத்திலிருந்து மண்டலூயோங் பெண்கள் சிறைக்குத்தான் கூட்டிப்போனார்கள்.