முன்தீர்ப்புத் தடை

ஒரு நீதிமன்றம் விசாரித்து இறுதியாகத் தீர்த்த பிரச்சினையை, அதே தரப்பினரோ அவர்கள் வழியில் உரிமை கோருவோரோ மறுபடியும் உரிமையியல் வழக்காக்க முடியாது என்ற விதி. இந்தியாவில் இது 1908ஆம் ஆண்டு உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு.

விதி ஆங்கிலேயர் கொண்டுவந்தது என்று நினைப்பது தவறு. தோற்றவன் திரும்ப வழக்காடினால் ‘முன்னமே தோற்றவன்’ என்பதையே எதிருரையாக வைக்கலாம் என்று ஸ்மிருதி ஆசிரியர் காத்யாயனர் வகுத்திருந்ததை, 1916இல் அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலில் சர் லாரன்ஸ் ஜென்கின்ஸ் எடுத்துக்காட்டினார். ஆங்கிலேயர் ஆட்சியில், 1859ஆம் ஆண்டு உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் ஒரே வழக்குமூலத்தில் எழும் இரண்டாம் வழக்கைத் தடுத்தது. 1877ஆம் ஆண்டுச் சட்டம் தடையைத் தனித்தனி எழுவினாக்களுக்கும் (வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகளுக்கும்) விரித்தது.

தமிழகத்தில் இவ்விதியை உரசிப்பார்த்த பெரும் வழக்கு சிவகங்கை ஜமீன் வழக்கு. ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவர் ஆண் வாரிசு இல்லாமல் 1829இல் இறந்தார். ஜமீன் அண்ணன் வழிக்குப் போனது. விதவை அங்கமுத்து நாச்சியார் தொடுத்த வழக்கு 1847இல் தள்ளுபடியானது. அவர் இறந்தபின் ஜமீன்தாரின் மகள் காத்தம நாச்சியார் வழக்கைத் தொடர்ந்தார். தாய் நிலையிலிருந்த விதவை தோற்றது மகளைக் கட்டுப்படுத்துமா? 1863இல் பிரிவி கவுன்சில் சொன்ன விடை இன்றும் எடுத்தாளப்படுகிறது: விதவை சொத்து முழுமைக்கும் பிரதிநிதி, நேர்மையாக நடந்த வழக்கில் அவருக்கு எதிராக வந்த தீர்ப்பு அடுத்த வாரிசுகளையும் கட்டும். ஆனால் 1847ஆம் ஆண்டுத் தீர்ப்பு அங்கமுத்து நாச்சியார் காலத்தில் இறுதிநிலை அடையவில்லை. அதனால் தடை எழவில்லை. ஜமீன் காத்தம நாச்சியாருக்குக் கிடைத்தது. ‘இறுதியாக’ என்ற ஒரு சொல்லில் ஒரு சமஸ்தானமே கைமாற வழி திறந்தது.

இந்த விதி பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வேறு வேறு சட்டத்தில் இருந்த காலமும் உண்டு. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்துக் குயிலாப்பாளையம் சென்னை மாகாணத்தில், 11ஆம் பிரிவின் கீழ் இருந்த ஊர். சில கிலோமீட்டர் தெற்கே, புதுச்சேரியில், இதே கொள்கை பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1351ஆம் பிரிவாக இருந்தது. பொருள், வழக்குமூலம், தரப்பினர் மூன்றும் ஒன்றாயிருந்தால்தான் அங்கே தடை. புதுச்சேரி இணைப்புக்குப் பின், 1968ஆம் ஆண்டுச் சட்ட விரிவாக்கத்தால், இருபுறமும் ஒரே விதி வந்தது.

கிராமத்து நிலத் தகராறில் சிக்கல் வருவது பெரும்பாலும் உறுத்துக்கட்டளை வழக்கில். அனுபவத்தைக் காக்க மட்டும் தொடுத்த வழக்கு தள்ளுபடியானதும், “நிலமே போய்விட்டது” என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அப்படியல்ல. அந்த வழக்கில் நிலத்தின் உரிமை நேரடியாக எழுவினாவாகித் தீர்க்கப்பட்டதா என்பதுதான் கேள்வி. 2000இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக விளக்கியது. தீர்க்கப்படவில்லையென்றால் உரிமையை விளம்பக் கோரும் வழக்குக்கு வழி திறந்தே இருக்கிறது. மறுபக்கம், முதல் வழக்கிலேயே சொல்லியிருக்க வேண்டிய வாதத்தைச் சொல்லாமல் விட்டவர் அடுத்த வழக்குக்கு அதைச் சேமித்து வைக்க முடியாது. 11ஆம் பிரிவின் நான்காம் விளக்கம் அதையும் தீர்ந்ததாகவே கொள்கிறது. வாதி வராததால் தள்ளுபடியானது இப்பிரிவில் சேராது. ஆனால் பிரதிவாதி வந்திருந்தால், வாதி அதே வழக்குமூலத்தில் புதிய வழக்குப் போடுவதைக் கட்டளை 9, விதி 9 தனியே தடுக்கிறது.

தடையைக் கோருபவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். முந்தைய வழக்கின் பிராது, எதிருரை, எழுவினாக்கள், தீர்ப்பு ஆகியவற்றின் நகல்களைத் தாக்கல் செய்யாமல் தடை பேச முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற மேல்முறையீட்டில் 2003இல் உச்ச நீதிமன்றம் கூறியது. உரிய நேரத்தில் எழுப்பாத தடையைக் கைவிட்டதாகவே கொள்ளலாம் என்பதும் அத்தீர்ப்பில் உண்டு.