கல்லுக்கு என்ன படைப்பது?

தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கத்து வரப்போரங்களில் வேடியப்பன் கற்களைப் பார்க்கலாம். பலவும் பழைய நடுகற்கள். எங்கள் ஊர்க் கல்லில் ஒரு கையில் வில், மறு கையில் வாள், விலாவில் தைத்த அம்பு. எண்ணெயும் மஞ்சளும் ஏறி ஏறி முகம் மழுங்கிவிட்டது. இந்த வட்டாரத்தில் பல்லவ மகேந்திரவர்மன் காலத்துக் கற்களே கிடைத்திருக்கின்றன. மாடு பிடிக்க வந்தவர்களை மறித்துச் செத்தவர்களுக்கு ஊரார் எடுத்தவை பல. செத்தவன் பெயர் மறந்துபோயிருக்கும். பொங்கலும் சேவலும் மட்டும் இன்றுவரை தவறுவதில்லை.

படையலுக்கும் ஒரு முறை உண்டு: போனவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டும். தகடூர் அதியமான் மாண்டபோது, பீலி சூட்டிய அவன் நடுகல்லுக்குச் சிறு கலத்தில் கள் வார்த்ததை ஔவையார் பாடியிருக்கிறார், புறநானூற்றில் இருக்கிறது. அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் சமாதிக்குப் போகிறேன்.

வத்தலக்குண்டில் 1884 அக்டோபர் 4-ல் பிறந்தவர். 1908-ல் வ.உ.சி.யோடு கைதாகி, ராஜதுரோக வழக்கில் பத்தாண்டுத் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் அது ஆறாகக் குறைந்தது. சிறையில் தொழுநோய் பற்றிக்கொண்டது. 1912-ல் வெளியே வந்தவர், அடுத்த ஆண்டே ‘ஞானபானு’ என்ற மாத இதழைத் தொடங்கினார். நோயைக் காட்டி ரயிலில் ஏறத் தடை விதித்தார்கள். புண்ணைத் துணியால் சுற்றிக்கொண்டு நடந்தார், கட்டைவண்டியில் போனார், ஊர் ஊராகப் பேசினார். ரயிலேற விடாத அந்த மனிதருக்கு இடம் கொடுத்தது பாப்பாரப்பட்டி. தருமபுரி தனி மாவட்டமானது 1965-ல்தான். அப்போது இது சேலம் ஜில்லாவின் ஒரு மூலை.

இங்கே பாரத ஆசிரமம் அமைத்தார். பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப ஆசைப்பட்டார். 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். 1925 ஜூன் 16-ல் தாஸ் போனார். ஜூலை 23-ல் சிவா போனார். நாற்பத்தொரு வயது நிறையவில்லை. கோயில் அடிக்கல்லோடு நின்றது. அரசு இங்கே பாரத மாதா நினைவாலயத்தைத் திறந்தது 2021-ல்.

பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் மாலைகள் வருகின்றன. வரட்டும், அது நம் கடன். ஆனால் இந்த மண்ணின் முறைப்படி கேட்டால், சிவாவுக்குப் பிடித்தது மாலையா? கையில் புண் இருந்தபோதும் எழுதியவர் அவர். பேச்சும் எழுத்தும் அச்சும்தான் அவர் உயிர். ‘ஞானபானு’ இதழ்களும் அவர் எழுதிய நூல்களும் எந்தப் பிள்ளையும் எடுத்துப் படிக்கும்படி சமாதிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஜூலை 23 அன்று, சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பக்கம் அங்கே நின்று உரக்க வாசிக்கட்டும். அதுதான் அவருக்கு நாம் வைக்கும் படையல்.